ஆலை கழித்ததைக் குடல் கேட்கிறது

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் இருக்கிறது நிபோங் திபால். இந்த ஊரைச் சுற்றியுள்ள மண்ணில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னென்ன விளைந்தன என்று எண்ணிப் பாருங்கள். 1840களிலிருந்து கரும்பு. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்கள் கலிடோனியா போன்ற தோட்டங்களில் அதை வெட்டிச் சுமந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் பால்மரம் வந்தது. பிறகு பால்மரம் போய் செம்பனை வந்தது. ஆற்றைக் கடந்து பேராக் பக்கம் போனால், 1906இல் முடிக்கப்பட்ட கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின் தயவில் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல்.

பால்மரத்தை விட்டுவிட்டால் மற்ற மூன்றும் உணவுப் பயிர்கள். மூன்றும் ஆலைக்குப் போய்த்தான் நம் தட்டுக்கு வருகின்றன. கரும்பைப் பிழிந்து சாற்றை எடுத்துக்கொண்டு சக்கையை எரிக்கிறார்கள். நெல்லின் உமியையும் தவிட்டையும் நீக்கி வெள்ளை அரிசியாக்குகிறார்கள். செம்பனைப் பழத்தின் எண்ணெயை எடுத்துக்கொண்டு வெறுங்குலையைத் தோட்டத்திலேயே போடுகிறார்கள். சீனி, வெள்ளை அரிசி, எண்ணெய் ஆகிய மூன்றும் நமக்குச் சக்தி தருகின்றன. ஆனால் தாவரத்தின் நார் ஏறக்குறைய முழுவதும் ஆலையிலேயே நின்றுவிடுகிறது. நம் பெருங்குடல் ஒழுங்காக இயங்கத் தேவைப்படுவது அந்த நார்தான். மலச்சிக்கல், உப்புசம், மூலம் என்று கிளினிக் வாசலில் காத்திருக்கும் பலருடைய தொல்லையின் ஒரு நுனி இங்கேயே தொடங்குகிறது. இன்னொரு நுனி நேரத்தில் இருக்கிறது. நாரும் நேரமும் சரியாக அமைந்தால், பெரும்பாலோருக்கு வயிறு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஒன்பது லிட்டரின் கணக்கு

உண்பதும் குடிப்பதுமாக ஒரு நாளில் சுமார் 2 லிட்டர் நீர் நம் வயிற்றுக்குள் போகிறது. எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் சுரப்பு என்று உடலும் தன் பங்குக்குச் சுமார் 7 லிட்டர் சேர்க்கிறது. இந்த 9 லிட்டரில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிடுகிறது. பெருங்குடலுக்கு வந்து சேர்வது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். அதிலும் 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டுமே மலத்தோடு வெளியேறும். மற்றதெல்லாம் மீண்டும் இரத்தத்துக்குப் போய்விடும்.

மலச்சிக்கலைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும். பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் உறுப்பு. உணவின் மிச்சம் இரைப்பையிலும் சிறுகுடலிலும் சில மணி நேரமே தங்குகிறது. பெருங்குடலில் அரை நாளிலிருந்து இரண்டு நாளுக்கு மேலும்கூடத் தங்கலாம். தங்கும் நேரம் நீள நீள, உறிஞ்சப்படும் நீரும் கூடும். மலம் சிறுத்து, இறுகி, வறண்டுபோகும். சிறுத்த மலத்தைத் தள்ளுவது குடலுக்குக் கடினம் என்பதால் அது இன்னும் தாமதமாகும். ஆகவே நம்மால் செய்யக்கூடியவை இரண்டு: நீரைப் பிடித்துவைக்கும் பொருளை உணவில் சேர்ப்பது, குடல் தள்ளும்போது தடுக்காமல் இருப்பது.

தவிட்டின் கதை

தவிட்டைக் கழித்தால் உடலுக்கு என்ன ஆகும் என்பதை உலகுக்குக் காட்டிய இடங்களில் மலாயாவும் ஒன்று. நூறாண்டுகளுக்கு முன் இங்கே பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்து, வீங்கி, இதயம் தளர்ந்து சாவார்கள். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் 1907இல் ஒரு நூல் வெளியிட்டார். தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் சாகிறார்கள், புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களுக்கு அது அநேகமாக வருவதில்லை என்பது அவர் கண்டது. வெள்ளையரிசியில் ஏதோ நச்சு இருப்பதாக அவர் கருதினார். அடுத்த ஈராண்டுகளில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டேன்டனும் சாலைப் பணியில் இருந்த ஜாவானியத் தொழிலாளர்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் வெள்ளையரிசிக்காரர்களிடம் வந்தது. அரிசியில் நச்சு எதுவும் கிடையாது, தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு சத்துதான் குறைகிறது என்று தெளிவாயிற்று. வைட்டமின் பி1 என்று பின்னால் பெயர் பெற்றது அதுவே.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 கரைந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் நம் பாட்டன் பாட்டிகளைப் புழுங்கல் அரிசி காத்தது. ஆனால் நார் கரைந்து உள்ளே இறங்கும் பொருள் இல்லை. அவித்தாலும் ஆலையில் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். பி1 குறைந்தால் சில மாதங்களிலேயே ஆள் விழுந்துவிடுவதால் மருத்துவர்கள் விரைவில் கண்டுகொண்டார்கள். நார் குறைந்தால் யாரும் உடனே விழுவதில்லை. அந்தக் குறை பல ஆண்டுகள் கழித்தே தெரியும் என்பதால், மருத்துவ உலகம் அதைக் கவனிக்க மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின.

கவனிக்க வைத்தவர் டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர். உகாண்டாவில் பல ஆண்டுகள் பணியாற்றிய அவர், பிரிட்டனில் தினமும் பார்க்கும் குடல் நோய்கள் அங்கே அரிதாக இருப்பதைக் கண்டார். எக்ஸ்ரேயில் தெரியும் சிறு மணிகளை விழுங்கவைத்து, அவை வெளியேற எவ்வளவு நேரமாகிறது என்று பல நாடுகளில் அளந்து, 1972இல் தோழர்களுடன் வெளியிட்டார். உகாண்டா கிராமத்தாருக்கு ஒன்றரை நாள் போதுமாக இருந்தது. ஒரு நாள் மலத்தின் எடை 400 கிராமைத் தாண்டியது. பிரிட்டிஷ்காரர்களுக்கு மூன்று நாளுக்கு மேல் ஆயிற்று. எடை 100 கிராம் அளவுதான். நார் குறைவே பல நோய்களுக்கு வேர் என்று அவர் சொன்னதில் எல்லாமே பிற்கால ஆய்வுகளில் நிலைக்கவில்லை. ஆனால் நாரும் முழுதானியமும் நிறைய உண்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்பதைப் பின்னர் வந்த பெரிய ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

நார் என்ன செய்கிறது?

நார்ச்சத்து என்று பொதுவாகச் சொன்னாலும் அது பலவகை. கீரைத் தண்டிலும் தவிட்டிலும் உள்ள கரையாத நார் மலத்துக்குப் பருமன் தருகிறது. பருமன் கூடினால் குடல் சுவர் விரிகிறது. விரிந்த சுவர் தானாகவே சுருங்கித் தள்ளுகிறது. இசப்கோல், ஓட்ஸ், வெண்டைக்காய் ஆகியவற்றில் உள்ள வழவழப்பான நார் நீரைத் தன்னுள் பிடித்துக்கொண்டு மலத்தை மிருதுவாக வைக்கிறது. பருப்பு, பயறு வகைகளில் உள்ள நாரையும், ஆறிய சோற்றில் செரிக்காமல் எஞ்சும் மாவுப்பொருளையும் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து உண்கின்றன. அப்போது அவை பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உள்தோலில் உள்ள செல்களுக்கு முதன்மையான எரிபொருள் இந்தப் பியூட்டிரேட்தான். மலத்தின் திடப்பொருளில் கால் பங்கு முதல் பாதி வரை பாக்டீரியாக்களே இருக்கும். அவை பெருகினால் மலமும் பருக்கும்.

மலேசியாவில் பெரியவர் ஒருவர் நாளுக்கு 20 முதல் 30 கிராம் நார் உண்ண வேண்டும் என்பது பரிந்துரை. நாம் எவ்வளவு உண்கிறோம்? 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், பரிந்துரைத்த அளவு காய்கறியும் பழமும் உண்ணாத பெரியவர்கள் 94.9 விழுக்காடு. ஒரு தட்டு வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம் நார்கூடத் தேறாது. சீனியிலும் எண்ணெயிலும் அறவே இல்லை. காலையில் ரொட்டி சானாயும் தே தாரேயும், மதியம் சோறும் பொரித்த கோழியும், இரவில் மீ கோரேங்கும் என்று நாள் போனால், பத்து கிராமைத் தொடுவதே பாடு.

மாற்றுவது கடினமும் இல்லை, செலவும் இல்லை. வேகவைத்த கொண்டைக்கடலை, நாம் கச்சாங் கூடா என்று வாங்குவது, 100 கிராமில் 7 கிராமுக்கு மேல் நார் தரும். சந்தையில் அடுக்கிவைத்திருக்கும் கொய்யாவில் 100 கிராமுக்கு 5 கிராம். பப்பாளியில் நார் அவ்வளவு இல்லாவிட்டாலும், ஒரு பெரிய துண்டு தின்றால் மூன்று கிராம் சேரும். முருங்கைக்கீரை வீட்டுக்குப் பின்னாலேயே தழைத்து நிற்கும். வல்லாரையும் கங்கோங்கும் எந்தக் காய்கறிக் கடையிலும் கிடைக்கும். சாம்பாரைத் தண்ணீராக ஊற்றாமல் கெட்டிப் பருப்பாக வைத்து, சோற்றைக் கொஞ்சம் குறைத்து, தட்டில் பாதியைக் காய்க்கும் பழத்துக்கும் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' முறையும் இதுவே: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, அரைப் பங்கு காயும் பழமும்.

ஒரே நாளில் கூட்டிவிடாதீர்கள். பழகாத பாக்டீரியாக்கள் திடீரென நொதிக்கவைத்தால் வாயு நிறைந்து வயிறு ஊதும். இரண்டு மூன்று வாரங்களில் மெல்லக் கூட்டுங்கள். தண்ணீரும் சேர்ந்து போக வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் மலச்சிக்கல் தீராது, ஏனென்றால் கூடுதல் நீரைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். நாரோடு சேர்ந்த தண்ணீர்தான் குடலில் தங்கும். வெயிலில் குலை வெட்டுபவருக்கும், உலைக்களத்தில் நிற்பவருக்கும் வியர்வையிலேயே நீர் போய்விடுவதால் அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

குடலுக்கும் ஒரு கடிகாரம்

இரவில் நாம் தூங்கும்போது பெருங்குடலும் அநேகமாக ஓய்ந்திருக்கும். விழித்ததும் அதன் அசைவு கூடும். காலையில் ஏதாவது சாப்பிட்டால் இரைப்பை விரியும்; அந்தச் செய்தி நரம்பும் ஹார்மோனும் வழியாகப் பெருங்குடலுக்குப் போய், அங்கே வலுவான அலை ஒன்று எழுந்து, மலத்தை நெடுந்தூரம் தள்ளி மலக்குடலுக்குக் கொண்டுவரும். இப்படிப்பட்ட பேரலைகள் நாளுக்கு ஒருசில முறைதான் எழும். காலை உணவுக்குப் பிந்தைய அரை மணி நேரம் வயிறு சுத்தமாக மிகத் தோதான வேளை என்பது இதனால்தான்.

இந்த வேளையில் நம் மக்கள் எங்கே இருக்கிறார்கள்? தோட்டக் காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். இன்று நிபோங் திபாலிலும் ஜாவியிலும் சுங்கை பக்காப்பிலும் விடியுமுன் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கிறது. பத்து காவானுக்கும் பிறைக்கும், 2014இல் திறந்த இரண்டாவது பாலத்தைத் தாண்டி பாயான் லெப்பாஸுக்கும் அவை ஓடுகின்றன. ஒரு வாய் காப்பியோடு ஓடி ஏறுபவருக்கு அலை எழும்போது அவர் பஸ்ஸில் இருக்கிறார், அல்லது உற்பத்தி வரிசையில் நிற்கிறார். அடக்கிக்கொள்கிறார். அடக்கினால் உணர்வு கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். மலம் அங்கேயே நின்று மேலும் வறளும்.

அடக்குவது வெறும் அசௌகரியத்தோடு முடிகிறதா என்று ஜெர்மன் மருத்துவர்கள் சோதித்து 1990இல் வெளியிட்டார்கள். ஆரோக்கியமான பன்னிரண்டு இளைஞர்களை ஒரு வாரம் முடிந்தவரை அடக்கச் சொன்னார்கள். அவர்கள் வெளிக்குப் போவது குறைந்தது, மலத்தின் எடை குறைந்தது, குடலில் உணவு பயணப்படும் நேரமும் நீண்டது. நோயே இல்லாதவருக்கும் அடக்கிப் பழகிப் பழகியே மலச்சிக்கலை வரவழைக்க முடியும் என்பது இதன் பொருள்.

இரவு ஷிப்ட் இதை இன்னும் குழப்புகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 399 செவிலியர்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், பகலில் மட்டும் வேலை செய்தவர்களில் 31 விழுக்காட்டினருக்கும், ஷிப்ட் மாறி மாறிச் செய்தவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் குடல் எரிச்சல் நோயின் அறிகுறிகள் இருந்தன. ஷிப்டை ஒரு தொழிலாளியால் மாற்ற முடியாது. ஆனால் எந்த ஷிப்டாக இருந்தாலும், எழுந்ததும் உண்ணும் முதல் உணவுக்குப் பிறகு பத்து நிமிடம் கழிவறைக்கென ஒதுக்கலாம். அரை மணி முன்னதாக எழ வேண்டியிருந்தாலும் அது வீண் செலவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் பெரியவர்களின் பொறுப்பு கூடுதல். பள்ளிக் கழிவறை அழுக்கு, தாழ்ப்பாள் இல்லை, ஆசிரியரிடம் கேட்க வெட்கம் என்று காலை முதல் மதியம் வரை அடக்கும் பிள்ளைகள் ஏராளம். இறுகிய மலம் ஒருமுறை வலித்தால், அடுத்த முறை வலிக்குப் பயந்து அடக்குவார்கள். மலக்குடல் விரிந்து உணர்வு மழுங்கி, உள்ளாடையில் கசியும் நிலைக்கும் சில பிள்ளைகள் போய்விடுகிறார்கள். அதற்காக அடிப்பது பெரும் பாவம். அது அவர்கள் கையில் இல்லை. 2023இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் நாடெங்கும் பள்ளிக் கழிவறைகளைச் சீர்செய்யச் சொன்னபோது அதைச் சிறிய விஷயம் என்று சிலர் நினைத்திருக்கலாம். பிள்ளைகளின் குடலுக்கு அதைவிடப் பெரிய நன்மை குறைவு.

குந்துவதும் உட்காருவதும்

இடுப்பெலும்பின் முன்பக்கத்திலிருந்து கிளம்பி, மலக்குடலைப் பின்னால் சுற்றிப் பிடித்திருக்கும் தசை ஒன்று உண்டு. நாம் நிற்கும்போதும் உட்காரும்போதும் அது மலக்குடலை மடித்துவைப்பதால் மலம் தானாக நழுவாது. குந்தும்போது அந்தத் தசை தளர்ந்து, மடிப்பு நிமிர்கிறது. இஸ்ரேலைச் சேர்ந்த மருத்துவர் டோவ் சிகிரோவ் 2003இல் 28 பேரிடம் ஒப்பிட்டபோது, குந்தினால் சராசரி 51 விநாடியிலும், வழக்கமான உயரத்தில் உட்கார்ந்தால் 130 விநாடியிலும் காரியம் முடிந்தது. குந்தியவர்கள் முக்கியதும் குறைவு.

முழங்கால் வலிக்கும் பெரியவர்கள் குந்த வேண்டியதில்லை. உட்காரும் கழிவறையில் காலுக்குக் கீழே ஒரு குட்டை முக்காலியைப் போட்டு, முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்படி வைத்து, சற்று முன்னால் சாய்ந்தால் போதும். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். பாஸ்டனில் 125 பேரிடம் நடத்தி 2025இல் வெளியான ஆய்வில், கழிவறையில் கைப்பேசி பார்ப்பவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அவர்கள் முக்குவது கூடவில்லை; உட்கார்ந்திருக்கும் நேரம்தான் கூடியிருந்தது.

பேதிக்குக் கொடுப்பது தேவையா?

மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்யும் வழக்கம் தோட்ட வீடுகளில் நெடுநாள் இருந்தது. மண்ணில் கொக்கிப்புழு நிறைந்து, பிள்ளைகள் வெறுங்காலோடு திரிந்த காலத்தில் பூச்சியை வெளியேற்ற வேண்டும் என்ற அக்கறையில் பிறந்த வழக்கம் அது. இன்று பூச்சிக்குத் தனி மாத்திரை இருக்கிறது. விளக்கெண்ணெயிலுள்ள ரிசினோலிக் அமிலம் குடல் தசையை முறுக்கிச் சுருங்கவைக்கிறது. நிலாவாரைச் சத்து பெருங்குடலைத் தூண்டுகிறது. இரண்டும் வேலை செய்பவையே. ஆனால் கடும் பேதிக்குப் பிறகு குடல் காலியாகிவிடுவதால், மீண்டும் நிரம்ப இரண்டு மூன்று நாளாகும். அந்த நாட்களில் வெளிக்குப் போகாததை மலச்சிக்கல் என்று நினைத்து மறுபடியும் பேதி மருந்து எடுப்பவர்கள் உண்டு. குடலில் அழுக்குப் படிந்திருக்கிறது, அதைக் கழுவி எடுக்க வேண்டும் என்று விளம்பரம் செய்து விற்கும் மூலிகைப் பொடிகளும் இதே சுழலில்தான் தள்ளும். குடல் தன் உள்தோலைச் சில நாட்களுக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்கிறது.

மலச்சிக்கல் நீடித்தால் சாப்பிடும் மருந்துகளையும் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை, சில வலிநிவாரணிகள், சில இரத்த அழுத்த மருந்துகள் குடலை மந்தமாக்கும். நீரிழிவும் நாளடைவில் குடல் நரம்புகளைப் பாதிக்கும். 2019ஆம் ஆண்டின் ஆய்வில் மலேசிய இந்தியர்களில் பத்தில் மூவருக்கு நீரிழிவு இருந்தது என்பதால் இது நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய சங்கதி. மருந்தைத் தானாக நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் மாற்று தருவார்.

எது சரி, எது ஆபத்து?

தினமும் போனால்தான் ஆரோக்கியம் என்பதில்லை. நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்பு. எண்ணிக்கையைவிடத் தன்மை முக்கியம். பிரிஸ்டல் நகர மருத்துவமனையின் லூயிஸும் ஹீட்டனும் 1997இல் மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகப் பிரித்தார்கள். தனித்தனிக் கெட்டிக் கட்டிகள் முதல் வகை, வெறும் நீர் ஏழாம் வகை. வழவழப்பாக நீளமாக வரும் நான்காம் வகையும், அதை ஒட்டிய மூன்றாம் வகையும் நல்லவை. ஒன்றும் இரண்டும் குடலில் அதிக நேரம் தங்கியதைக் காட்டும். எழும் முன் ஒரு நொடி குனிந்து பாருங்கள். அதில் அருவருக்க ஒன்றுமில்லை.

ஏனென்றால் சில அடையாளங்களைப் பார்த்தால்தான் தெரியும். மலத்தில் இரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைதல், இரத்தசோகை, ஐம்பது வயதுக்குப் பிறகு வழக்கம் திடீரென மாறி வாரக்கணக்கில் நீடிப்பது ஆகியவை நாரும் தண்ணீரும் தீர்க்கக்கூடியவை இல்லை. இரத்தம் வந்தால் மூலம்தான் என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். மலேசிய ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் பெருங்குடல் புற்றுநோய்தான். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, அந்த நோய் வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் அது கண்டறியப்பட்டது. முதல் கட்டத்திலேயே கண்டால் பெரும்பாலோரைக் குணப்படுத்திவிடலாம்.

அதைக் கண்டறியும் முதல் சோதனை எளிது. 50 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கு அரசாங்க சுகாதார கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் காட்டும் பரிசோதனை செய்கிறார்கள். சிறு குப்பியில் கொஞ்சம் மாதிரி எடுத்துக் கொடுத்தால் போதும். ஊசி இல்லை, வலி இல்லை. இரத்தம் இருப்பதாகத் தெரிந்தால் குடலுக்குள் குழாய்க் கருவி விட்டுப் பார்ப்பார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்த நோய் வந்திருந்தால், ஐம்பது வரை காத்திராமல் முன்கூட்டியே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் அப்பாவின் இரத்த அழுத்தத்தையும் அம்மாவின் சீனியையும் தயங்காமல் விசாரிக்கிறோம். வயிறு எப்படி, வெளிக்கு ஒழுங்காகப் போகிறதா என்று மட்டும் கேட்பதில்லை; அவர்களும் கூச்சத்தால் சொல்வதில்லை. அந்தக் கூச்சத்தாலேயே நோயைக் கண்டுகொள்ளாமல் வளரவிட்டு, காலம் கடந்து ஓடுகிறோம். இந்த வாரம் பெற்றோரிடம் கேளுங்கள். ஐம்பதைத் தாண்டியவர்களாக இருந்தால், அடுத்த விடுமுறை நாளில் அல்ல, அடுத்த வேலை நாளில் கிளினிக்குக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.